பெற்றவர்களுக்குத் துணை யார்?

மும்பையின் மின்சார ரயில்களில் நாள்தோறும் வந்து போகும் நாம், திருநங்கையரைக் காணாத நாள் இல்லை. நெரிசலுக்கிடையே வழி செய்துகொண்டு வருகிறார்கள், கை தட்டுகிறார்கள், தலையில் கை வைத்து வாழ்த்துகிறார்கள். நம்மில் சிலர் பத்து ரூபாய் கொடுக்கிறோம். சிலர் கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக் கொள்கிறோம். சிலர் நகைக்கிறோம். அடுத்த நிலையம் வந்ததும் எல்லோருமே மறந்துவிடுகிறோம்.

இவர் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று நம்மில் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒவ்வொருவரையும் ஒரு தாய் பத்துத் திங்கள் சுமந்தாள். பெயர் வைத்தார்கள், மாமன் மடியில் இருத்திக் காது குத்தினார்கள், பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு ஒரு நாள் அந்த வீட்டின் கதவு மூடிற்று. அந்தக் கதவு மூடாதிருக்க யார் என்ன செய்திருக்கலாம்? இதுவே இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குழந்தை பிறந்ததும் உடலுறுப்பைக் கண்டு ஆண் என்றோ பெண் என்றோ எழுதுகிறோம். மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாமும் அவ்வாறே தம்மைச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகின்றன. மிகப் பலருக்கு ஏட்டில் எழுதியதும் உள்ளத்தில் உணர்வதும் ஒன்றாகவே அமைகின்றன. சிலருக்கு அமைவதில்லை. ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாகத் தன்னை உணர்பவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். நான் இங்கே பேசப்போவது பெரியவர்களைப் பற்றி அன்று. பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் இருக்கும் பிள்ளைகளையும், அவர்களைப் பெற்றவர்களையும் பற்றியே.

இந்நாட்டில் திருநர்க்காக ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு 2008-ஆம் ஆண்டில் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவர்களுடைய உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கேரளம் 2015-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2020 முதல் ‘கரிமா கிருஹ்’ என்னும் பெயரில் தங்குமிடங்கள் திறக்கப்பட்டன. இவற்றின் நிறைகுறைகளைப் பேச வேறு இடம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றுள் பெரும்பாலானவை எப்பொழுது உதவிக்கு வருகின்றன? வீட்டைவிட்டு வெளியேறிய பின்னர்! பிள்ளை இன்னும் வீட்டுக்குள்ளே இருக்கும்போது, தாயும் தந்தையும் இரவெல்லாம் விழித்துக்கொண்டு ‘என்ன செய்வது?’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவ்வீட்டுக்குள் வருவார் யார்? வெள்ளம் கரையை உடைத்த பிறகு படகு அனுப்புகிறோம். கரையைப் பலப்படுத்த ஒரு கூடை மண் போடுவதில்லை.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் என்பனவற்றோடு ‘பிறர்’ என்று ஓர் இடமும் இருந்தது. அதில் நாடெங்கும் எழுதப்பட்டவர் 4,87,803 பேர். அவர்களுள் ஆறு வயதுக்குட்பட்டோர் 54,854 பேர். அறிவியல் மாணவன் என்ற முறையில் இந்த எண்ணை நான் அப்படியே விழுங்கிவிடச் சொல்லமாட்டேன். அவ்விடத்தில் எழுதப்பட்ட எல்லோரும் திருநர் ஆகார். உடலமைப்பிலேயே இடைப்பட்ட பாலினராய்ப் பிறந்த குழந்தைகளும் அதில் உண்டு. கணக்கெடுப்பவரின் கைப்பிழையும் இருக்கலாம். ஆயினும் ஒன்று நிச்சயம். ஆறு வயதுக் குழந்தை தானே எழுந்து சென்று கணக்கெடுப்பவரிடம் விடை கூறியிராது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரே கூறியிருப்பார். ஆயிரக்கணக்கான வீடுகளில் யாரோ ஒருவர், முன்பின் அறியாத அரசு ஊழியரிடம், ‘எங்கள் குழந்தை இந்த இரண்டிலும் சேராது’ என்று சொல்லத் துணிந்திருக்கிறார். பெற்றவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெற்றவர்களின் நிலைதான் என்ன? அவர்களுக்கு முதலில் வருவது அச்சம். ‘நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம், வளர்ப்பில் குறை’ என்ற குற்ற உணர்வு அடுத்து வருகிறது. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற வெட்கம் மூன்றாவது. அச்சத்தைப் போக்க அறிவு வேண்டும். குற்ற உணர்வைப் போக்க ஆறுதல் வேண்டும். வெட்கத்தைப் போக்கத் தம்மைப் போன்ற இன்னொருவர் வேண்டும். இம்மூன்றும் கிடைக்காதபோது அம்மூன்றும் சேர்ந்து சினமாக மாறுகின்றன. சினம் பிரம்பாக மாறுகிறது. பிரம்பு, பிள்ளையை ரயிலேற்றி விடுகிறது.

தமிழ்நாட்டைவிட்டு வந்து வாழும் குடும்பங்களில் இத்துன்பம் இருமடங்கு. ஊரில் இருந்தால் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், ஏசினாலும் ஆற்றினாலும் பேச ஓர் ஆள் இருக்கும். இங்கே, தாராவியிலோ செம்பூரிலோ ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், தாய் யாரிடம் சொல்வாள்? பக்கத்து வீட்டுக்காரர் நெல்லைச் சீமைக்காரர். அவரிடம் இன்று சொன்னால் நாளை ஊருக்குச் செய்தி போய்விடும். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் மராத்தியர். அவரிடம் சொல்ல மொழி போதாது. காய்கறி வாங்கவும் ரயில் டிக்கெட் கேட்கவும் போதுமான இந்தி நம் தாய்மார்க்குத் தெரியும். வயிற்றில் உள்ள கலக்கத்தைச் சொல்ல அந்த இந்தி உதவுமா? ஆண்டுக்கொருமுறை அம்மன் கொடைக்கு ஊருக்குப் போகிறோம். ‘பையன் ஏன் இப்படி முடி வளர்த்திருக்கான்?’ என்று பெரியப்பா கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே இரண்டு ஆண்டாகக் கொடைக்குப் போகாத குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயரும் இடமும் சொல்லமாட்டேன். நண்பர்கள் கேட்கவும் வேண்டாம். எங்கள் வீட்டாரோடு நெடுநாள் பழகிய அக்கா ஒருவர். அவருடைய மூத்த பிள்ளைக்குப் பதினான்கு வயது. ஆண் என்று பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. தான் பெண் என்று அப்பிள்ளை ஏழெட்டு வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளை. எனக்கு டாக்டர்கிட்டப் பேச இந்தி அவ்வளவா வராது. ஒரு நாள் கூட வாரியா?” என்றார்.

போனேன். இந்நகரத்து மருத்துவமனை ஒன்று. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஐந்து நிமிடம் பேசினார்கள். “வீட்டில் கண்டிப்பு போதாது. ஆண்பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். தாய் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தானே சரியாகிவிடும்” என்று இந்தியில் கூறினார்கள். நான் தமிழில் சொன்னேன். வெளியே வந்தபின், இது அறிவியலுக்கு ஒவ்வாத பேச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் வெள்ளை அங்கி அணிந்தவர் சொன்ன பிறகு, இருபத்துமூன்று வயது மாணவன் சொல் எடுபடுமா? “அப்ப நான்தான் கெடுத்துட்டேனா தம்பி?” என்று மட்டும் கேட்டார் அக்கா. அதற்குப் பிறகு உறவினர் ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். இன்னொருவர் ஊரில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். எல்லோரும் வழி சொன்னார்கள். துணைக்கு ஒருவரும் வரவில்லை.

சில வாரங்கள் சென்று, ஆராய்ச்சிக் கூட நண்பர் ஒருவர் வழியாக ஒரு மராத்தித் தாயின் அறிமுகம் கிடைத்தது. அவரும் இத்தகைய மகளை வளர்த்து ஆளாக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்து நடுவில் நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மையார் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. “முதல் ஆறு மாதம் நானும் அழுதேன். பிறகு ஒரு பட்டியல் எழுதினேன். யாரிடம் இப்பொழுதே சொல்ல வேண்டும், யாரிடம் பிறகு சொல்லலாம், யாரிடம் சொல்லவே வேண்டியதில்லை என்று மூன்று பகுதி” என்றார். அதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. பள்ளியில் எந்தக் கழிப்பறைக்கு அனுப்புவது? வீட்டில் பாவாடை கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால், வெளியிலும் கேட்குமா? சின்னவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைப்பானா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்த அம்மையார் சொன்ன விடை எனக்கு மறக்கவில்லை. “என் இளைய மகளுக்குக் கிடைத்தான். கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் இருவர் உண்டு. போனது நல்லதாயிற்று” என்றார். அக்கா அன்று சிரித்தார்.

அந்த வீட்டில் எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நான் கதை சொல்லப் போவதில்லை. தந்தை இன்னும் அப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் அடிப்பது நின்றுவிட்டது. டியூஷன் கட்டணம் தவறாமல் கட்டுகிறார். பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறது. ஐந்து நிமிட மருத்துவ அறிவுரை செய்யாததை, இரண்டு மணி நேரம் இன்னொரு தாய் பேசிய பேச்சு செய்தது.

இஃது என் தனி அனுபவம் மட்டும் அன்று. அளந்து பார்த்தவர்களும் இதையே கூறுகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பதினாறு முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள திருநர் 84 பேரிடம் விவரம் திரட்டி 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெற்றோர் உறுதியாகத் துணைநின்ற இளைஞருள், முந்திய ஓராண்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் நூற்றுக்கு 4 பேர். அத்துணை இல்லாதவருள் நூற்றுக்கு 57 பேர். அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாரின் ஆதரவோடு தாம் உணர்ந்த பாலிலேயே வாழ்ந்துவந்த 73 குழந்தைகளைப் பார்த்தார்கள். மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அக்குழந்தைகளின் மனச்சோர்வு மற்றக் குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் சற்றே கூடுதலாக இருந்தது.

இவை சிறிய எண்ணிக்கைகள். துணைநின்ற குடும்பத்தார் செல்வத்தாலும் கல்வியாலும் வேறுபட்டவராக இருக்கலாம். ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இதையெல்லாம் நான் அறிவேன். ஆயினும் நாலுக்கும் ஐம்பத்தேழுக்கும் இடையே உள்ள தொலைவு, நம்மைச் சும்மா இருக்கவிடும் தொலைவு அன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப்பட்டியலில், இந்நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. ஒருவருடைய பாலுணர்வை மாற்றிக் காட்டுகிறேன் என்று மருத்துவம் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று நம் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. தாயின் வளர்ப்புக் குறையால் பிள்ளை இவ்வாறு ஆகிறது என்பதற்குச் சான்று இல்லை. இச்சிறு செய்திகளைத் தமிழில், பயப்படாத குரலில், ஒரு தாய்க்குச் சொல்ல இந்த மாநகரில் ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது!

இந்த இடத்தில் நண்பர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். ‘சிறு பிள்ளை சொல்வதைக் கேட்டு, பெற்றோரை மருந்துக்கும் அறுவைக்கும் இழுத்துச் செல்லச் சொல்கிறாயா?’ என்பார்கள். இல்லவே இல்லை. பெண்பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடும் ஆண்குழந்தை எல்லாம் திருநங்கை ஆகிவிடாது. மரம் ஏறும் பெண்குழந்தை எல்லாம் திருநம்பி ஆகிவிடாது. சிறு வயதில் வேண்டுவது மருந்து அன்று. கேலி செய்யாத வீடு, அடிக்காத கை, அவசரப்படாத காது ஆகியவையே வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் மருத்துவம் என்ன செய்யலாம் என்பதில் வல்லுநரிடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த இறுதி அறிக்கை, அவ்வயதில் தரும் மருந்துகளுக்கான சான்றுகள் வலுக்குறைந்தவை என்று கூறியது. அதை மறுத்துப் பேசிய மருத்துவர்களும் பலர். வல்லுநரே வாதிடும் காட்டில், எட்டாம் வகுப்பு வரை படித்த தாயை விளக்கு இல்லாமல் தனியே நடக்கவிடுவது நியாயமா? நான் கேட்பது பெற்றவர்களுக்குத் துணை. தீர்ப்பு வழங்குவதைக் காலத்துக்கும் அப்பிள்ளைக்கும் விட்டுவிடுவோம். இறுதியில் பிள்ளை எதுவாக வளர்ந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்.

பெற்றோரே பெற்றோருக்குத் துணையாவது புதிய வழியும் அன்று. நியூயார்க்கு நகரில் ஜீன் மான்ஃபோர்டு என்னும் பள்ளி ஆசிரியை, தன்பால் விருப்பினனான தன் மகனோடு 1972 சூனில் ஊர்வலத்தில் நடந்தார். அதைக் கண்ட இளைஞர்கள் ஓடி வந்து, ‘எங்கள் தாய் தந்தையரிடமும் வந்து பேசுங்கள்’ என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு தேவாலயத்தில் இருபது பேர் அளவில் கூடிப் பேசினார்கள். அந்த இருபது பேர் கூட்டம் அந்நாடெங்கும் கிளைகள் கொண்ட பெற்றோர் சங்கமாக வளர்ந்தது. பிற்காலத்தில் திருநரின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டிலும், இதே மும்பையில், 2017-இல் பெற்றோர் சிலர் கூடி ‘ஸ்வீகார்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அச்சொல்லுக்கு ‘ஏற்றல்’ என்பது பொருள். 2023-இல் அவ்வமைப்பைச் சேர்ந்த நானூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர், தம் பிள்ளைகளின் திருமண உரிமைக்காகத் தலைமை நீதிபதிக்கு மடல் எழுதினார்கள். கேட்டது அவ்வாண்டு கிடைக்கவில்லை. ஆனால் நானூறு தாய் தந்தையர் வெட்கத்தை விட்டுத் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார்களே, அது சிறிய செய்தியா?

தமிழர்க்கு இது எட்டாத உயரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, வழக்கு மதுரைக் கிளைக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 22-ஆம் நாள் நீதியரசர் சுவாமிநாதன், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். அந்த மகளின் பக்கத்தில் உறுதியாக நின்றவர் அவருடைய தாய். அத்தாயைப் பற்றி 2024-இல் ‘அம்மாஸ் பிரைடு’ என்று ஓர் ஆவணப் படமே வந்தது. தூத்துக்குடித் தாய் ஒருவரால் முடிந்தது தாராவித் தாயால் முடியாதா? முடியும், பக்கத்தில் ஒரு துணை இருந்தால்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்றது. நீதிமன்றம் குழந்தையின் நலம் கருதி ஆணையிட்டாலன்றிப் பிரிக்க முடியாது. பெற்றோரால் பேண இயலாவிட்டால், நீதிமன்றத்தின் ஆணைப்படி மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றும் எழுதிற்று. ஒன்று வீடு; இல்லையேல் விடுதி! ‘பேண இயலவில்லை’ என்று பெற்றோர் சொல்லும் நிலை வருமுன், அவர்களைப் பேணக்கூடியவர்களாக ஆக்குவது யார் என்பதற்கு அப்பிரிவில் விடை இல்லை.

அவ்விடையின் தொடக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் காண்கிறேன். இரு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பி, பெற்றோரின் புகாரால் காவல்துறைக்கு அஞ்சி வழக்குத் தொடுத்தார்கள். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களை மட்டும் அன்றி, அவர்களுடைய பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் பேச அனுப்பினார். தாமும் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 சூன் 7-ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணையில், பள்ளிகளின் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இப்பொருள் பற்றிப் பெற்றோர்க்கு விளக்க வேண்டும் என்று கூறினார். நீதிபதி இருக்கையில் அமர்ந்தவரே கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை என்றால், மாணவர்களாகிய நமக்கு என்ன வெட்கம்?

மறுப்புகள் சில வரும் என்று அறிவேன்.

‘இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது’ என்பார் சிலர். அவர்கள் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இத்தகையோரைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஆசிரியர் பேசுகிறார். தமக்கென வேறு ஈறு இல்லாத அச்சொற்கள் உயர்திணை முடிபே கொள்ளும் என்று விதிக்கிறார். இலக்கணம் வகுத்தவர் உயர்திணையில் வைத்தவரை, நாம் தெருவில் எண்ணைச் சொல்லி ஏளனம் செய்து அஃறிணை ஆக்கிவிட்டுப் பண்பாடு பேசுவது பொருந்துமா?

‘அடித்துத் துரத்துபவர்களே பெற்றோர்தாம், அவர்களுக்கு என்ன துணை? பாதிக்கப்பட்ட பிள்ளைக்கல்லவா துணை வேண்டும்?’ என்று கேட்பார் வேறு சிலர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. அடிப்பதை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. அடிபடும் குழந்தைக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்கவே கூடாது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை எங்கே போகும்? அதற்கு உணவும் பள்ளியும் உறங்க இடமும் கொடுப்பது அந்த வீடுதான். பெற்றோரைத் திருத்துவது அப்பிள்ளைக்குச் செய்யும் முதல் உதவி.

‘தமிழ் மன்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நாம் பொங்கல் விழா நடத்துவோம். பேச்சுப் போட்டி வைப்போம்’ என்பது மூன்றாவது மறுப்பு. நண்பர்களே, தமிழ் மன்றம் ஏன் பிறந்தது? அயல் மாநிலத்தில் தமிழன் தனியனாய் நிற்கக் கூடாது என்பதற்காக அல்லவா? பொங்கலுக்கு வரும் தாய்மாருள் எத்தனை பேர் எத்தனை துயரங்களை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறார்களோ, யார் அறிவார்? தமிழ் மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரிய மொழி அன்று. ஒரு தாய் தன் அச்சத்தைச் சொல்லவும், ஆறுதலைக் கேட்கவும் உதவுவதும் தமிழ்த்தொண்டே.

ஆகவே மன்றத்துக்குச் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன். பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று: தமிழோடு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் அறிந்த மாணவ மாணவியர் பத்துப் பேர் முன்வர வேண்டும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஆலோசகரிடத்துக்கும் செல்லும் தமிழ்ப் பெற்றோர்க்கு மொழித்துணையாகச் செல்ல வேண்டும். கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். இவ்வுறுதியைக் காக்க முடியாதவர் வரவே வேண்டாம்.

இரண்டு: திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, இரண்டு மணி நேரம், மன்றத்தின் அறையைப் பெற்றோர்க்காகத் திறந்து வைக்க வேண்டும். பதிவேடு வேண்டா, புகைப்படம் வேண்டா, மேடையும் மாலையும் வேண்டா. பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய் தந்தையரை அழைத்து வந்து புதியவர்களோடு அமர்த்தினால் போதும். முதல் திங்கள் ஒருவரும் வராமல் இருக்கலாம். இரண்டாம் திங்களும் திறந்து வைக்க வேண்டும்.

மூன்று: பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல், தாய்மார் படிக்கக்கூடிய எளிய தமிழில், நாமே எழுத வேண்டும். அறிவியல் மாணவர்கள் அறிவியல் பகுதியை எழுதலாம். சட்ட மாணவர்கள் சட்டத்தை எழுதலாம். எழுதியதைத் திருநர் சிலரும் மருத்துவர் ஒருவரும் பார்த்துத் திருத்திய பின்னரே அச்சிட வேண்டும். மனவேதனை மிகுந்த வேளையில் அழைக்கத்தக்க அரசின் தொலைபேசி எண் 14416 என்பதை முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

நான்கு: மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களைச் சந்திக்க வேண்டும். பிள்ளையிடம் மாற்றத்தை முதலில் காண்பவர் ஆசிரியரே. அவர் வகுப்பில் ஒரு சொல் கேலியாகச் சொன்னால், வீட்டில் தாய் பத்து நாள் பேசியது வீணாகும். அவர் ஒரு சொல் பரிவாகச் சொன்னால், கலங்கி நிற்கும் தந்தையின் மனமும் மாறும்.

இவ்வேண்டுகோள்களை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மொழித்துணைப் பட்டியலின் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். இன்னும் ஒன்பது வரிகள் வெறுமையாக இருக்கின்றன.